எந்த ரூல்ஸிலை வெண்டவன்?

எங்கடை பக்கம் சந்திக்குச் சந்தி பனர் தொங்கும். கோயில் கொடியேற்றம், சாமத்தியவீடு, 31ஆம் நாள் நினைவஞ்சலி, ஓஎல்லிலை 9 ஏ எடுத்த பிள்ளை, இந்த வரிசையிலை இப்ப கொஞ்சக் காலமா இன்னொண்டும் சேர்ந்திட்டுது. வெள்ளை உடுப்பு, கறுப்பு பெல்ட், கழுத்திலை ரெண்டு மூண்டு மெடல், பக்கத்திலை சென்சி (கராத்தே மாஸ்டர்) கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறார், மேலை பெரிய எழுத்திலை "சர்வதேசச் சுற்றுப்போட்டியில் தங்கம் வென்று மண்ணுக்குப் பெருமை சேர்த்த" எண்டு தொடங்கும். அதே படம் ஃபேஸ்புக்கிலையும் வரும், கீழை ரெண்டு கட்சி சண்டை பிடிக்கும். ஒரு கட்சி வாழ்த்துக்கள் தம்பி, மண்ணின் மைந்தன் எண்டும், மற்றக் கட்சி உதெல்லாம் காசு கட்டினால் குடுக்கிற மெடல் எண்டும். நான் ரெண்டிலையும் இல்லை. எனக்கு வாற கேள்வி வேறை: பெடியன் எந்த ரூல்ஸிலை வெண்டவன், அவன்ரை பிரிவிலை எத்தினை பேர் இறங்கினவை? இது ரெண்டும் ஒரு பனரிலையும் இருக்காது.

நான் சின்னனிலை கராத்தே பழகினனான், பெரிசா ஒண்டும் கிழிக்கேல்லை, ஆனால் அந்த உலகத்தை விட்டுப் போகவும் மனமில்லை, அதாலை இப்ப போட்டியளிலை மேசைக்குப் பின்னாலை இருந்து நேரம் பாக்கிறது, ஸ்கோர்போட் அமத்திறது, பேர் கூப்பிடுறது எண்டு ஒரு மூலையிலை கிடக்கிறன். அந்தக் கதிரையிலை இருந்து பாக்கேக்கை ஒண்டு நல்லா விளங்கும். பெடியன் எதைப் பழகுறான் எண்டதைத் தீர்மானிக்கிறது சென்சியுமில்லை, ஜப்பானுமில்லை, கொரியாவுமில்லை. ரூல்ஸ் புத்தகத்திலை எதுக்கு எத்தினை பொயின்ற் எண்டு போட்டிருக்கிற அந்த ஒரு பக்கம்தான். ரியூட்டரியிலை பாஸ்ற் பேப்பரைப் பாத்து எந்தப் பாடம் கட்டாயம் வரும், எதை விடலாம் எண்டு மாஸ்டர்மார் சொல்லிக் குடுக்கிறேல்லையே, அச்சா அதுதான் கிளப்பிலையும் நடக்குது. கலை எண்டு சொல்லுறது பெரிய கடல், போட்டிக்குப் போற பெடியன் அதிலை பொயின்ற் வாற பக்கத்தை மட்டும்தான் நீந்துவான். அவனைக் குறை சொல்லேலாது.

சும்மா சொல்லாமல் ஒரே ஒரு உதையை எடுத்துப் பாப்பம். 2021 ஓகஸ்ட் 7, டோக்கியோ புடோகான் (2020 ஒலிம்பிக்தான், கொரோனாவாலை ஒரு வருசம் பிந்தினது). கராத்தே ஒலிம்பிக்குக்கு முதல் முதலா வந்தது அப்பதான், ஆம்பிளையளின்ரை 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவு ஃபைனல். சவூதி அரேபியாவின்ரை தாரெக் ஹமேதி 4-1 எண்டு முன்னுக்கு நிக்கிறார், அவரின்ரை நாட்டுக்கு ஒலிம்பிக்கிலை முதலாவது தங்கம் கிட்டத்தட்டக் கையிலை. அந்த நேரம் ஒரு ஹை கிக் விட்டார், அது ஈரானின்ரை சஜ்ஜாத் கஞ்ச்சாதேயின்ரை கழுத்துப் பக்கம் போய் விழுந்தது, மனுசன் அப்பிடியே சரிஞ்சு விழுந்து ஸ்ட்ரெச்சரிலை தூக்கிக்கொண்டு போகவேண்டி வந்திட்டுது. நடுவர்மார் கூடிக் கதைச்சு ஹமேதியை டிஸ்குவாலிஃபை பண்ணிச்சினம். தங்கம் மயங்கிக் கிடந்தவருக்கு, அவர் கண் முழிச்ச பிறகு ஆரோ சொல்லித்தான் தான் சம்பியன் எண்டு தெரியும்.

அண்டைக்கு எங்கடை வட்ஸ்அப் குரூப்புகள் எல்லாம் கொதிச்சுது. அடிச்சு விழுத்தினவன் தோத்தான், விழுந்து கிடந்தவன் வெண்டான், இது என்ன சண்டை எண்டு கராத்தே தெரியாத ஆக்கள் சிரிச்சினம். ஆனால் டபிள்யூகேஎஃப் (உலகக் கராத்தே சம்மேளனம்) ரூல்ஸ் தெரிஞ்சவைக்கு அதிலை பெரிய அதிசயம் இல்லை. அந்த ரூல்ஸிலை குத்துக்கு 1, வயிறு நெஞ்சு முதுகுப் பக்கம் போற உதைக்கு 2, தலைக்குப் போற உதைக்கு 3, ஆளை விழுத்திப்போட்டு மேலை நிண்டு சரியா முடிச்சாலும் 3. ஆனால் தலைக்குப் போறது எதெண்டாலும் கட்டுப்பாட்டோடை போகவேணும், மெல்லத் தொட்டால் பொயின்ற், சாய்ச்சால் குற்றம். அந்தக் காலை ஹமேதி கொஞ்சம் முந்தி இழுத்திருந்தால் ஸ்கோர் 7-1 ஆகியிருக்கும். உதை அதே உதைதான்.

இப்ப அந்த உதையை அப்பிடியே தூக்கி மற்ற இடங்களிலை வைச்சுப் பாருங்கோ. கியோகுஷின் கராத்தே போட்டியிலை அது முழு இப்பொன், அதாவது முழு வெற்றி, மட்ச் அதோடை சரி, சனம் எழும்பி நிண்டு கைதட்டும். அங்கை கையாலை முகத்துக்குக் குத்தத்தான் ஏலாது, காலாலை தலைக்கு எவ்வளவு பலமாவும் விடலாம். தைக்குவொண்டோவிலை தலைக்கு உதைச்சால் 3, சுழண்டு உதைச்சால் 5, எதிராளி விழுந்து ரெஃபரி பத்து எண்ணி முடிக்க எழும்பேல்லை எண்டால் பொயின்ற்றே தேவையில்லை, வெண்டாச்சு. தாய்லாந்தின்ரை முவேதாயிலை நொக்அவுட். சண்டா எண்டு சொல்லுற சீனத்து வூசுவிலையும் அப்பிடித்தான். ஜூடோவிலை அதே உதையை விட்டால் நேரா ஹன்சொகு மகே, அதாவது வீட்டை போ எண்டு அனுப்புவினம், பிரேசிலியன் ஜியுஜிட்சுவிலையும் அதே கதி. ஒரே காலுக்கு ஒரு இடத்திலை தங்கம், ஒரு இடத்திலை தடை, அதுவும் கராத்தே எண்ட ஒரே பேருக்குள்ளையே ரெண்டும் இருக்கு. இதை வைச்சுக்கொண்டு எந்தக் கலை பெரிசு எண்டு தேத்தண்ணிக் கடையிலை விடிய விடியச் சண்டை பிடிக்கிற ஆக்களை எனக்கு நிறையத் தெரியும்.

ஜப்பானின்ரை வாள் விளையாட்டு கெண்டோவைப் பற்றி இதிலை ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனமில்லை, இஞ்சை ஆரும் பெரிசா விளையாடாட்டியும். அங்கை வாள் (மூங்கிலாலை செய்த ஷினாய்) சரியான இடத்திலை பட்டால் மட்டும் காணாது. சத்தம், கால், வாள் மூண்டும் ஒண்டா வரவேணும், அடிச்ச பிறகும் எதிராளி மேலை கவனம் விடாமல் நிக்கவேணும். இதெல்லாம் சரியா வந்து, பொயின்ற் கிடைச்ச சந்தோசத்திலை கையை முறுக்கி ஒரு துள்ளுத் துள்ளினால் குடுத்த பொயின்ற்றைத் திருப்பி எடுத்துப்போடுவினம்! எங்கடை பெடியள் ஒரு பொயின்ற்றுக்கு மைதானத்தைச் சுத்தி ஓடுறதைப் பாத்த எனக்கு அந்த ரூல்ஸிலை சரியான விருப்பம். கெண்டோக்காரர் ஒலிம்பிக்குக்குப் போகமாட்டம் எண்டு நிக்கிறதுக்கும் இந்தக் குணத்துக்கும் தொடர்பிருக்கு எண்டு நினைக்கிறன்.

சரி, ரூல்ஸ் உடம்பை எப்பிடி மாத்துது எண்டதுக்கு வருவம். தைக்குவொண்டோதான் இதிலை வடிவான உதாரணம். முந்தி நடுவர்மார் கண்ணாலை பாத்து பட்டன் அமத்தினவை. 2008 பெய்ஜிங்கிலை அது நாறிப்போச்சு. பிரிட்டனின்ரை சாரா ஸ்டீவன்சன் சீனத்து சென் ஜொங்கின்ரை தலைக்கு விட்ட உதை எல்லாற்றை கண்ணுக்கும் தெரிஞ்சுது, நடுவர்மாரின்ரை கண்ணுக்குத் தெரியேல்லை, பிறகு முறைப்பாடு குடுத்துத் தீர்ப்பை மாத்த வேண்டி வந்தது. அதே போட்டியிலைதான் கியூபாவின்ரை ஆங்கல் மத்தோஸ் கோவத்திலை ரெஃபரியின்ரை முகத்துக்கே உதைச்சு வாழ்நாள் தடை வாங்கினவர். 2012 லண்டனுக்கு நெஞ்சுக் கவசத்துக்குள்ளை சென்சர் வந்திட்டுது, இனி மனுசக் கண்ணிலை பிழை வராது எண்டு எல்லாரும் நிம்மதி.

ஆனால் என்ன நடந்தது? சென்சருக்கு வடிவும் தெரியாது, வலியும் தெரியாது, பட்டதா இல்லையா எண்டதுதான் தெரியும். கொஞ்சக் காலத்திலை எல்லாரும் முன்னங்காலைத் தூக்கிக் கொக்கு மாதிரி வைச்சுக்கொண்டு அந்தக் காலாலையே தட்டித் தட்டிப் பொயின்ற் எடுக்கப் பழகிட்டினம், கிட்ட ஒட்டிக்கொண்டு நிண்டு பாதத்தை வளைச்சு முதுகுப் பக்கம் தொடுற கேலிக்கூத்தெல்லாம் வந்திட்டுது. பழைய காலத்து பறந்து சுழண்டு உதைக்கிற தைக்குவொண்டோவைப் பாத்து வளர்ந்த ஆக்கள் தலையிலை கை வைச்சினம். பிறகு என்ன செய்யிறது, சுழண்டு உதைச்சால் கூடப் பொயின்ற் எண்டு விலையை ஏத்திச்சினம்: உடம்புக்குச் சும்மா உதைச்சால் 2, சுழண்டால் 4. 2022 இலை மொத்தப் பொயின்ற்றைக் கூட்டிப் பாக்கிற முறையை விட்டிட்டு மூண்டு ரவுண்டிலை ரெண்டை வெல்லுறவர் எண்டு மாத்திச்சினம், முதல் ரவுண்டிலை பத்துப் பொயின்ற் முன்னுக்குப் போயிட்டு மிச்சம் முழுக்க ஓடித் திரியிறதுக்கு அதோடை ஒரு முடிவு.

ஜூடோவிலை இன்னும் கொடூரம். காலைப் பிடிச்சு விழுத்துற வித்தையள், அது ஜூடோவின்ரை சொந்தச் சொத்து, 2010 இலை கட்டுப்படுத்தி 2013 இலை முழுசா நிப்பாட்டிப்போட்டினம். காரணம் மல்யுத்தக்காரர் மாதிரிக் குனிஞ்சு கொண்டு காலுக்குப் பாயிறது கூடிப்போய் ஜூடோ பாக்கிறதுக்கு ஜூடோவா இல்லை எண்டு. சரி, விளங்குது. ஆனால் அதுக்குப் பிறகு பழகின பிள்ளையளுக்கு ஆராவது காலைப் பிடிச்சால் என்ன செய்யிறது எண்டே தெரியாது. புத்தகத்திலை இல்லாதது உடம்பிலையும் இல்லை. பொயின்ற் பக்கமும் அப்பிடித்தான், கொக்கா, யூக்கோ எண்டு சின்னப் பொயின்ற் ரெண்டு இருந்தது, கொக்காவை 2008 ஒலிம்பிக்குக்குப் பிறகு எடுத்தினம், யூக்கோவை 2017 இலை எடுத்தினம், 2025 இலை யூக்கோவைத் திருப்பிக் கொண்டந்திட்டினம். பழைய நடுவர் ஒருத்தர் பகிடியாச் சொன்னார், "நான் படிச்ச யூக்கோவை மறக்கிறதுக்குள்ளை அது திரும்பி வந்திட்டுதடா தம்பி."

பொக்சிங் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சுருக்கமாச் சொல்லுறன். 1988 சோல் ஃபைனலிலை அமெரிக்காவின்ரை ரோய் ஜோன்ஸ் ஜூனியர் 86 குத்து சரியா இறக்கினவர், கொரியாக்காரர் பார்க் சி-ஹன் 32, தீர்ப்பு 3-2 எண்டு கொரியாக்காரருக்கு. அந்த அவமானத்துக்குப் பிறகு 1992 இலை கம்பியூட்டர், அஞ்சு நடுவரிலை மூண்டு பேர் ஒரு செக்கனுக்குள்ளை அமத்தினால்தான் பொயின்ற். உடம்புக்குப் போற குத்து எல்லாரின்ரை கண்ணுக்கும் ஒரே நேரத்திலை தெரியாதெல்லோ, அதாலை உடம்புக்குக் குத்துறதை ஒரு தலைமுறையே கைவிட்டிட்டுது. 2013 இலை தொழில்முறைப் பொக்சிங்கின்ரை 10 பொயின்ற் முறைக்கு மாறிட்டினம். களவைப் பிடிக்க மெசின் கொண்டந்தால் மெசின் விளையாட்டையே பிடிச்சுப்போடும், தைக்குவொண்டோவிலையும் இதுதான், பொக்சிங்கிலையும் இதுதான்.

எங்கடை மண்டபத்துக்கு வாறன். கராத்தே போட்டியிலை தத்தாமியின்ரை (சண்டை பிடிக்கிற பாய்) நாலு மூலையிலையும் நாலு நடுவர் சிவப்பு நீலக் கொடியோடை இருப்பினம், ரெண்டு கொடியாவது எழும்பினால்தான் பொயின்ற். பட்டால் மட்டும் காணாது, வடிவம், விளையாட்டு மனப்பான்மை, வீரியம், அடிச்ச பிறகும் விழிப்பு, நேரம், தூரம் எண்டு ஆறு விசயம் பாக்கவேணும், அதுவும் கண் மூடித் திறக்கிறதுக்குள்ளை. மேசைக்கு வந்து சண்டை பிடிக்காத தாய் தேப்பன் இல்லாத போட்டியை நான் இன்னும் காணேல்லை.

"மாஸ்டர், பட்டதுதானே? சத்தமே கேட்டது!"

"ஓம் ஐயா, பட்டது. அடிச்சுப்போட்டுப் பிள்ளை திரும்பி உங்களைப் பாத்துச் சிரிச்சது. விழிப்பில்லை எண்டு கொடி எழும்பேல்லை."

"சிரிச்சது ஒரு குற்றமே?"

என்னத்தைச் சொல்ல. அந்தத் தேப்பனுக்கு நான் அடுத்த மட்ச் கூப்பிட வேணும் எண்டு சொல்லிச் சமாளிச்சன். ஆனால் அவரிலை பிழையில்லை. 2017 இலை வந்த சென்ஷு எண்ட ரூல்ஸ், அதாவது முதல் பொயின்ற்றை ஆர் தனிய எடுக்கினமோ, சமநிலையிலை முடிஞ்சால் அவைக்கு வெற்றி எண்டது, இதைக் கூட எத்தினை கிளப்பிலை பிள்ளையளுக்கு விளங்கப்படுத்தியிருக்கினம்? 3-3 எண்டு ஸ்கோர்போட்டிலை காட்டுது, ஒரு பிள்ளையின்ரை கை உயருது, மற்றப் பிள்ளை ஏன் தோத்தனான் எண்டு தெரியாமல் அழுகுது. உதை பழக்கிறதுக்கு மாதக் காசு வாங்கிற ஆக்கள் ஒரு பின்னேரம் ரூல்ஸ் புத்தகத்தை வாசிச்சுக் காட்டினால் என்ன குறைஞ்சு போகும் எண்டு எனக்கு நெடுக யோசினை.

இது மட்டுக்கும் பாத்தது கோட்டுக்குள்ளை இருக்கிற ரூல்ஸ். கோட்டுக்கு வெளியிலையும் ரூல்ஸ் இருக்கு, அது இன்னும் கடுமை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வலயம், மாகாணம், பிறகு அகில இலங்கை. கழகத்தாலை போறவைக்குத் தேசிய விளையாட்டு விழாப் பாதை, பிரதேச செயலகம், மாவட்டம், மாகாணம், தேசியம். கடதாசியிலை வடிவான ஏணி. ஆனால் யாழ்ப்பாணத்திலை இருந்து கொழும்பு 400 கிலோமீற்றர், இரவு பஸ்ஸிலை முழங்கால் மடிச்சபடி இருந்திட்டு விடியப்புறம் இறங்கி முகம் கழுவிப்போட்டு நேரா வெயிட் பாக்கப் போற பிள்ளையும், ஒரு மணித்தியாலத்திலை வீட்டிலை இருந்து வந்து இறங்கிற பிள்ளையும் ஒரே கோட்டுக்குள்ளை நிக்கிது. வளர்ந்த பிரிவிலை எண்டால் ஆமி, நேவி, எயார்போஸ் ரீம்கள், அவைக்குப் பயிற்சிதான் வேலை. எங்கடை பெடியனுக்குப் பயிற்சி கடை பூட்டின பிறகு. எங்களுக்கு முந்தின தலைமுறைக்கு இதுவும் இல்லை, 2006 ஓகஸ்ட்டிலை ஏ9 பாதை பூட்டினாப்போலை போட்டிக்குப் போறது எங்கை, ஆஸ்பத்திரிக்குப் போறதே கப்பலும் பாஸுமா இருந்த காலம். நல்ல வயசிலை நல்ல வேகத்தோடை இருந்த எத்தினையோ பேர் ஒரு தேசியப் போட்டியின்ரை வாசலையும் காணாமல் வயசு தாண்டிப் போச்சினம். அவையின்ரை பேர் ஒரு பனரிலையும் வரேல்லை. யாழ்தேவி ரெயில் 2014 ஒக்ரோபரிலை திருப்பி யாழ்ப்பாணம் வந்த பிறகுதான் பிள்ளையள் கொஞ்சமாவது நித்திரை கொண்டு போய் இறங்கினது.

நாட்டுக்கு வெளியிலை போனால் ராங்கிங். ஜூடோவுக்கு 2009 இலை இருந்து வேர்ல்ட் ரூர், கிராண்ட் பிறீ, கிராண்ட் ஸ்லாம், மாஸ்டர்ஸ் எண்டு படிப்படியா. தைக்குவொண்டோவுக்கு 2013 இலை இருந்து கிராண்ட் பிறீ, மற்றப் போட்டியளுக்கு ஜி-1, ஜி-2 எண்டு தரம். கராத்தேக்கு கராத்தே வண் எண்டு பேர், அதிலை பிரீமியர் லீக் மேல் இடத்திலை இருக்கிறவைக்கு, சீரிஸ் ஏ கொஞ்சம் திறந்தது. எல்லாத்துக்கும் ஒரே கணக்குத்தான், கூடப் போட்டிக்குப் போனால் கூடப் பொயின்ற், கூடப் பொயின்ற் இருந்தால் நல்ல இடத்திலை குலுக்கல், நல்ல குலுக்கல் எண்டால் முதல் ரவுண்டிலையே உலகச் சம்பியனைச் சந்திக்கத் தேவையில்லை. ரிக்கற், விசா, ஹொட்டேல் காசு ஆர் குடுக்கினம் எண்டதும் ஸ்கோர்போட்டிலை ஏறுது, வெளியாலை தெரியாது, அவ்வளவுதான். டோக்கியோவுக்குக் கராத்தேயிலை ஒரு பிரிவுக்கு உலகம் முழுக்கச் சேர்த்து 10 பேர் அளவிலைதான், வழமையான அஞ்சு எடைப் பிரிவையும் மூண்டா நெரிச்சுப்போட்டு. பிறகு பாரிஸிலையும் இல்லை, 2028 லொஸ் ஏஞ்சலஸிலையும் இல்லை. பொக்சிங் நிலையும் கிட்டத்தட்ட அப்பிடித்தான் ஆடிச்சுது, பழைய சம்மேளனத்தின்ரை அங்கீகாரத்தை 2023 இலை ஒலிம்பிக் கமிட்டி பறிச்சு, புதுசா வேர்ல்ட் பொக்சிங் எண்டு ஒண்டு வந்து, 2025 இலைதான் லொஸ் ஏஞ்சலஸுக்குப் பொக்சிங் உண்டு எண்டு உறுதியானது.

இந்தச் சம்மேளனக் கூத்துத்தான் எங்கடை பனர் விசயத்துக்கும் வேர். கராத்தேக்கு உலகத்திலை ஒரு சம்மேளனம் இல்லை, ஒலிம்பிக் கமிட்டி அங்கீகரிச்சது டபிள்யூகேஎஃப், அதுக்கு வெளியிலை ஒவ்வொரு ஸ்டைலுக்கும் தனித்தனி உலக அமைப்பு, ஒவ்வொண்டுக்கும் தனித்தனி உலகச் சம்பியன்ஷிப். தைக்குவொண்டோவும் அப்பிடித்தான், 1966 இலை ஜெனரல் சோய் ஹொங் ஹி தொடங்கின ஐரிஎஃப் (சர்வதேசத் தைக்குவொண்டோ சம்மேளனம்) ஒரு பக்கம், 1973 இலை வந்த வேர்ல்ட் தைக்குவொண்டோ மறு பக்கம், முந்தினதிலை முகத்துக்குக் குத்தலாம், பிந்தினதிலை ஏலாது. இதிலை ஒண்டு உண்மை மற்றது பொய் எண்டு நான் சொல்ல வரேல்லை. பழைய ஸ்டைல் போட்டியள் சிலதிலை ஒரே ஒரு சுத்தமான அடியோடை மட்ச் முடியும், எனக்கு மேசையிலை இருந்து பாக்க அதுதான் ஆக விருப்பம், துள்ளித் துள்ளிப் பொயின்ற் எடுக்கிற அவசரம் இருக்காது, ரெண்டு பேரும் மூச்சடக்கிக்கொண்டு நிப்பினம். நான் சொல்லுறது என்னெண்டால் உலகச் சம்பியன் எண்ட சொல்லுக்கு முன்னாலை எந்த உலகம் எண்டு போடுங்கோ எண்டுதான்.

மற்றது எண்ணிக்கை. வயசு, எடை, பெல்ட், ஆண், பெண், கத்தா (தனிய செய்து காட்டுறது), குமித்தே (சண்டை) எண்டு பிரிச்சுக்கொண்டு போனால் ஒரு போட்டியிலை நூறு பிரிவுக்கு மேலை வரும், அரைவாசிக்கு மேற்பட்ட பிரிவிலை மூண்டு நாலு பிள்ளையள்தான் நிப்பினம். அரையிறுதியிலை தோத்த ரெண்டு பேருக்கும் வெண்கலம் எண்ட வழக்கம் நிறைய இடத்திலை இருக்கு, நாலு பேர் இறங்கின பிரிவிலை எல்லாருக்கும் மெடல், ஒருத்தர் ஒரு மட்சும் வெல்லாமலே வெண்கலத்தோடை வீட்டை போகலாம். இதை நான் சொன்னால் என்னிலை கோவிக்கிற சென்சிமார் இருக்கினம். கோவிக்கட்டும். சின்னப் பிள்ளைக்கு மெடல் குடுக்கிறது பிழையில்லை, அதுக்கு ஒரு உற்சாகம் வேணும், ஆனால் அந்தச் சான்றிதழை வைச்சுக் கம்பஸ் விசேட அனுமதிக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்கேக்கை அங்கை இருக்கிறவர் முதல் கேக்கிறதே எந்தச் சம்மேளனம், எத்தினை பேர் எண்டுதான், அப்ப பிள்ளை முழுசிக்கொண்டு நிக்கும். ஒரு பெடியன் வெளிநாட்டுப் போட்டி ஒண்டுக்குத் தேப்பன் மோட்டச்சைக்கிள் வித்த காசிலை போய் வந்தவன், அந்த அமைப்பின்ரை கடிதத்தை இஞ்சை ஒரு இடமும் எடுக்கேல்லை. அவன் அங்கை விளையாடின மட்சுகள் நல்ல மட்சுகள், நான் வீடியோ பாத்தனான், இஞ்சத்தைய தேசியப் போட்டியிலையும் அவன் நிண்டு பிடிப்பான். கடதாசிதான் பிழை.

எடையைப் பற்றி ஒண்டு. பாரிஸ் ஒலிம்பிக்கிலை இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டுக்கு நடந்ததைப் பாத்து எங்கடை சனமும் அழுதது, மல்யுத்தம் எண்டால் என்னெண்டு தெரியாத மாமிமாரும் 100 கிராம், 100 கிராம் எண்டு கதைச்சவை. 50 கிலோப் பிரிவு, முதல் நாள் எடை சரி, மூண்டு மட்ச் வெண்டு ஃபைனல், ரெண்டாம் நாள் காலமை 100 கிராம் கூட, ஃபைனலும் இல்லை வெள்ளியும் இல்லை, கடைசி இடம். காரணம் மல்யுத்தத்திலை ரெண்டு நாளும் எடை பாக்கிற ரூல்ஸ். ஜூடோவிலை முதல் நாள் பின்னேரம் பாக்கினம், அடுத்த நாள் குலுக்கலிலை சில பேரைக் கூப்பிட்டுத் திருப்பிப் பாத்தாலும் 5 சதவீதம் மட்டும் கூடலாம் எண்டு விடுவினம். ஜூடோவின்ரை ரூல்ஸ் அங்கை இருந்திருந்தால் அந்தப் பிள்ளை ஃபைனல் விளையாடியிருக்கும். சரி, எங்கடை ஊரிலை பதின்மூண்டு பதினாலு வயசுப் பிள்ளையளைப் போட்டிக்கு முதல் நாள் தண்ணி குடிக்க விடாமல் ஓட விடுற ஆக்கள் இருக்கினம், இதுக்கு ரூல்ஸ் ஒண்டும் சொல்லத் தேவையில்லை, அது நேரா மடைத்தனம், அவ்வளவுதான்.

இவ்வளவும் எழுத வந்தது வேறை ஒரு விசயத்தாலை. எங்கடை ஊரிலை சிலம்படி பழக்கிற ஒரு ஆசான் இருக்கிறார், எழுபதைத் தாண்டின மனுசன், கோயில் திருவிழாவிலை சாமிக்கு முன்னாலை கம்பு சுத்தி வந்த பரம்பரை. அவரட்டைப் பழகிற பிள்ளையளுக்கு ஒரு போட்டி வைப்பம் எண்டு தொடங்கினம். தமிழ்நாட்டிலை இது எப்பவோ நடக்குது, முதலமைச்சர் கோப்பையிலை சிலம்பம் இருக்கு, 2024 தையிலை சென்னைப் பக்கம் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டிலை காட்சிப் போட்டியா வைச்சவை. அங்கத்தைய ஆக்கள் ஒற்றைக் கம்பு வீச்சு, இரட்டைக் கம்பு, சுருள்வாள், மான்கொம்பு எண்டு தனித்திறமையை ஒரு பக்கமும் ரெண்டு பேர் நிண்டு தொடுற கம்புச் சண்டையை இன்னொரு பக்கமும் வைச்சிருக்கினம். நாங்களும் அப்பிடியே பிரிப்பம் எண்டு நான் சொன்னன். தனித்திறமைக்கு ஆசான் உடனை ஓம் எண்டிட்டார். தொடுறதிலைதான் பிடிச்சுக்கொண்டுது.

"தொட்டால் பொயின்ற் எண்டால் ஒருத்தனும் சுத்தமாட்டான், ஈட்டி மாதிரிப் பிடிச்சுக்கொண்டு குத்துவான். பிறகு என்னத்துக்குச் சிலம்பம்?"

மனுசன் ஒரு ரூல்ஸ் புத்தகமும் வாசிக்கேல்லை, தைக்குவொண்டோ சென்சர்க் கதை அவருக்குத் தெரியாது, ஆனால் ஒரு நிமிசத்திலை அங்கை வந்து நிண்டிட்டார். அப்ப சுத்தித் தொட்டால் ரெண்டு, சும்மா குத்தினால் ஒண்டு எண்டு வைப்பமே எண்டன். அதுக்கு அவர், முழுச் சுத்தா அரைச் சுத்தா, கை மாத்தின சுத்தா, ஆர் பாக்கிறது எண்டார். பக்கத்திலை இருந்த ஜூடோப் பெடியன் வீடியோ வைச்சுப் பாப்பம் அண்ணை எண்டான். வீடியோ பிடிக்கிற ஆளுக்கு ஆர் காசு குடுக்கிறது எண்டு கணக்குப் பிள்ளை. காலிலை பட்டால் எண்ணுறதா எண்டு இன்னொரு சண்டை. பழைய வழக்கத்திலை கம்பு நுனியிலை ஏதும் பூசி எதிராளியின்ரை உடுப்பிலை எத்தினை அடையாளம் விழுந்தது எண்டு பாக்கிறதாம், நடுவரும் தேவையில்லை, கொடியும் தேவையில்லை. எனக்கு அந்த யோசினை நல்லாப் பிடிச்சுது, ஆசானுக்கும் பிடிச்சுது, உடுப்புத் தோய்க்கிற தாய்மார் ரெண்டு பேர் அந்த இடத்திலையே மறுத்திட்டினம்.

இப்போதைக்கு ஒத்துக்கொண்டது மூண்டு விசயம். தலைக்கவசம் கட்டாயம், கம்பு மூங்கிலிலை வேண்டாம் பிரம்பிலை, ஒரு மட்ச் ரெண்டு நிமிசம். கம்பு கையை விட்டு விழுந்தால் தோல்வியா, எடுக்க விடுறதா எண்டது இன்னும் முடியேல்லை. ஆசான் தோல்வி எண்டுறார், பெடியள் ஒருக்கா எடுக்க விடவேணும் எண்டினம், நான் பெடியள் பக்கம். வாற ஞாயிறு பின்னேரம் வாசிகசாலையிலை திருப்பிக் கூடுறம். நடுவர் வேலை பாத்த அனுபவம் இருக்கிற ஆக்கள் ஆராவது கிட்டடியிலை இருந்தால் வாங்கோ. ஆசானை வெல்ல எனக்கு ஆள் காணாது.